பின் ரூம் சுவர்

படி பார்த்து இறங்கு கண்ணு, பாசி வழுக்கும். வா, உள்ள வா. செருப்போடவே வந்துடு, இந்த மழையில வாசல்ல விட்டா தண்ணி இழுத்துட்டுப் போயிடும். இந்தா துண்டு, முதல்ல பாப்பா தலையைத் துவட்டு. உன் வீட்டுக்காரர் எங்கே? வண்டி நிறுத்த இடம் தேடறாரா? தேடட்டும். இந்த ரோட்டுல இடம் கிடைக்கறதுக்குள்ள நான் வீட்டைப் பத்தி முழுசாச் சொல்லிடுவேன்.

இது முன் ரூம். அது சமையல்கட்டு. அந்தக் கதவு பின் ரூம், அதை அப்புறம் பார்க்கலாம், என்ன அவசரம். உட்காரு. ஏன் மூக்கைச் சுளிக்கிறே? புதுப் பெயிண்ட் வாசனை அது. போன வாரம்தான் அடிச்சேன். சுவர்ல சாயாதே, சேலையில ஒட்டிக்கும்.

குன்னூர்ல இப்ப குடும்பத்துக்கு வீடு கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரிஞ்சிருக்கும். எத்தனை பேர் கதவைத் தட்டிட்டு இங்க வந்திருக்கியோ. எல்லாரும் ஹோம் ஸ்டேன்னு போர்டு மாட்டிட்டாங்க. சனி ஞாயிறு வந்து கூத்தடிச்சிட்டுப் போறவனுக்கு விட்டா போதும்னு ஆயிடுச்சு. நான் அப்படி இல்ல. வீடுன்னா குடும்பம் இருக்கணும், அடுப்பு எரியணும். அதனாலதான் இத்தனை நாள் பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லைன்னு வெச்சிருந்தேன்.

முன்னாடி இருந்தவங்களும் குடும்பம்தான். அந்தப் பொண்ணு பேரு ஜெசிந்தா. தையல்காரி. அவ புருஷன் பெலிக்ஸ், ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுறான். ஷெரின்னு ஒரே பொண்ணு, அப்பதான் எல்.கே.ஜி. சேர்த்திருந்தாங்க. சித்திரை மாசம் குடி வந்தாங்க. நல்ல வெயில். பின் ரூம் ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டு, "எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு பாருங்கம்மா"ன்னு அவளேதான் சொன்னா. நான் சொல்லல. அவ வாயாலதான் சொன்னா. அதை ஞாபகம் வெச்சுக்கோ.

தையல் மெஷினைப் பின் ரூம்லதான் போட்டா. சுவரை ஒட்டிப் பீரோ, அதுக்குப் பக்கத்துல கட்டில். புள்ளையும் அங்கதான் தூங்கும். நல்லவங்கதான், நான் இல்லைன்னு சொல்லல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்தா கேக்கு கொண்டு வந்து கொடுப்பா. எங்க வீட்டுக்காரருக்கு சட்டைக்குப் பட்டன் வெச்சுக் கொடுப்பா. அவருக்கு அந்தப் புள்ளைன்னா உயிரு. சாயங்காலம் ஆனா படி இறங்கி வந்துடுவார். தாத்தா தாத்தான்னு அதுவும் அவர் மடியை விட்டு இறங்காது. எங்க மக பூங்கொடி கோயமுத்தூர்ல இருக்கா, பேரன் பேத்தி இல்ல. அதான் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

ஐப்பசி பொறந்துச்சு. உனக்குத் தெரியாது, நீ கீழ்நாட்டுக்காரி. நம்ம ஊர்ல ஆடி மழை சும்மா தூத்தல். ஐப்பசி, கார்த்திகைதான் மழை. பிடிச்சா விடாது. ஒரு நாள் காலையில ஜெசிந்தா மேல எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. "அம்மா, பீரோவுக்குப் பின்னாடி சுவர்ல கறுப்பா புள்ளி புள்ளியா இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்களேன்"னா.

வந்து பார்த்தேன். பூசணம்தான். எந்த வீட்டுல இல்ல? எங்க வீட்டுல ஊறுகாய் ஜாடியில வராதா? செருப்புல வராதா? மலைன்னா பூசணம் இருக்கத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைன்னு சொன்னேன். துடைச்சா. நல்லாப் போயிடுச்சு. ரொம்ப நாள் ஆகல, திரும்ப வந்து நிக்கிறா. இந்தத் தடவை புள்ளி இல்லையாம், சுவர் முழுக்க அப்பிக்கிட்டு இருக்காம்.

அப்பதான் கவனிச்சேன், ரூம்ல கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்கா. "ஏம்மா, ஈரத் துணியை உள்ள போட்டா சுவர் என்ன பண்ணும்? குடிக்கத்தானே செய்யும்?" அப்படின்னேன். "வெளியே எங்கம்மா காய வெக்கிறது, மழை விட்டாத்தானே"ன்னா. பேச்சுக்குப் பேச்சு. சாதம் வடிக்கும்போது ஆவி வருது, மூடி போட்டு வடின்னேன். ஜன்னலைத் திறந்து வைன்னேன். திறந்தா மேகம் உள்ள வந்து படுக்கை நனையுதுங்கறா. அப்ப நான் என்னதான் பண்றது? மேகத்துக்கு நானா பொறுப்பு?

ஆனாலும் நான் சும்மா இருக்கல. மழை கொஞ்சம் நின்னதும் பெயிண்டரை வரச் சொல்லி அடிச்சுக் கொடுத்தேன். வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு. கார்த்திகை தீபத்துக்குள்ள பழையபடி. பெயிண்டுக்கு அடியில இருந்து அப்படியே கொப்புளம் மாதிரி எழும்பி வருது. கையை வெச்சா மெத்துன்னு அமுங்குது. சுவரா அது, நோயாளி உடம்பு மாதிரி. எனக்கே ஒரு நிமிஷம் என்னவோ போல ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு முன்னாடி காட்டிக்கல.

அன்னிக்குத்தான் அவ ஒரு கவுனைக் கொண்டு வந்து என் முன்னாடி விரிச்சா. சர்ச்சுல முதல் தடவையா புதுநன்மை வாங்கற யாரோ ஒரு புள்ளைக்குத் தைச்ச வெள்ளைக் கவுன். லேஸ் எல்லாம் வெச்சு, பார்க்க அவ்வளவு அழகு. முதுகுப் பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, யாரோ பேனாவை உதறின மாதிரி. "நாளைக்குக் கொடுக்கணும்மா. அந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"னு அழறா. நான் என்ன சொல்ல? தைச்ச துணியைச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டது யாரு? அதைத்தான் கேட்டேன். அவ கவுனை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. அன்னியில இருந்து கேக்கும் நின்னுபோச்சு.

பாப்பா தூங்கிட்டாளா? மடியிலயே கிடக்கட்டும். டீ போட்டுத் தரட்டுமா? வேண்டாமா? சரி.

அப்புறம் அந்தப் புள்ளைக்கு இளைப்பு வந்துச்சு. ஷெரினுக்கு. முதல்ல சளின்னாங்க. அப்புறம் நெஞ்சு குழிஞ்சு குழிஞ்சு மூச்சு வாங்குது. எங்க வீட்டுக்காரர் தூக்கிக்கிட்டு ஓடுனார், அந்த வயசுல, மழையில, அந்தப் படியில. டாக்டர் கேட்டாராம், தூங்கற ரூம்ல ஈரம், ஓதம் இருக்கான்னு. பம்பு கொடுத்து அனுப்பினாங்க, வாயில வெச்சு உறிஞ்சுவாங்களே, அது. டாக்டருங்க அப்படித்தான் கண்ணு, எதையாவது காரணம் சொல்லணும்ல. நானும் இதே மலையில பொறந்து இதே ஓதத்துல வளர்ந்தவதான். எனக்கு என்ன ஆச்சு?

மறுநாள் பெலிக்ஸ் வந்தான். அதுவரைக்கும் அவன் என்கிட்ட நிமிர்ந்து பேசினதே கிடையாது. கையைக் கட்டிக்கிட்டு நின்னுதான் பேசுனான். ஆனா வார்த்தை மட்டும் வேற மாதிரி இருந்துச்சு.

"அம்மா, எங்க துணியினால வர்ற ஈரம் இல்ல இது. சுவருக்குப் பின்னாடி இருந்து வருது. பின் சுவரு மண்ணோட ஒட்டி இருக்கு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கணும்மா."

அந்தப் பக்கம் என்ன இருக்கு? மலை இருக்கு. எங்க மாமனார் காலத்துல மலையை வெட்டித்தான் இந்தக் கீழ் வீட்டைக் கட்டினாங்க. மேல எங்க வாசல். வரும்போது பார்த்தியே, தோட்டம், அது இந்தப் பின் ரூமுக்குப் பின்னாடி மேல, அந்தச் சுவரை ஒட்டின மண்ணுலதான் இருக்கு. நல்லாப் பார்த்தியா? டேலியா ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஹைட்ரேஞ்சியா நீலத்துல இந்த ரோட்டுலயே என்கிட்டதான் இருக்கு. வீட்டுத் தோட்டப் போட்டியில கப்பு வாங்கினேன், மேல வந்தா காட்டறேன். எல்லாரும் கேட்பாங்க, என்ன உரம் போடறீங்கன்னு. உரமெல்லாம் ஒண்ணுமில்ல, தண்ணிதான். சுத்தியும் கல்லு வெச்சுக் கட்டி, சிமெண்ட் பூசி வெச்சிருக்கேன். பெய்யற மழையில ஒரு சொட்டு வெளியே போகாது, அத்தனையும் செடிக்குத்தான். வெயில் நாள்ல ரப்பர் குழாயைத் திறந்துவிட்டா நான் பூஜை முடிச்சு வர்ற வரைக்கும் ஓடும்.

எங்க வீட்டுக்காரர் அன்னிக்குச் சாப்பிடும்போது மெதுவா ஆரம்பிச்சார். அவர் பேரு சபாபதி. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு வார்த்தை அதிகமா பேச மாட்டார். "கனகம், அந்தக் கல்லுக்கட்டுல ஒரு பக்கம் உடைச்சு விட்டுப் பார்க்கலாமா? தண்ணி ரோட்டுப் பக்கம் போயிடும்"னார்.

"செடி காஞ்சா நீங்க பதில் சொல்லுவீங்களா?"ன்னேன்.

அவ்வளவுதான். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கல.

பெலிக்ஸ்கிட்ட நான் நேராச் சொல்லிட்டேன். "தம்பி, வீட்டை உன் கையில கொடுக்கும்போது சுவர் வெள்ளையா இருந்துச்சா, இல்லையா?" இருந்துச்சுன்னான். "பூசணம் நீங்க வந்த அப்புறம் வந்துச்சா, முன்னாடியே இருந்துச்சா?" உள்ள திரும்பிப் பார்த்தான். "அப்ப யாரு பொறுப்பு?"ன்னேன். அதுக்கு ஜெசிந்தா உள்ள இருந்து வந்தா. புள்ளை அவ இடுப்புல. "அம்மா, பொறுப்பு யாருன்னு அப்புறம் பேசலாம். நீங்க இந்த ரூம்ல கொஞ்ச நாள் படுத்துப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க"ன்னா. கத்தல, மிரட்டல, மெதுவாத்தான் சொன்னா. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. என் வீட்டுல நிக்கிறவ, என் மூஞ்சிக்கு நேரா, என் வீட்டுல மனுஷன் படுக்க முடியாதுன்னு சொல்றா.

தை பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிட்டாங்க. போகும்போது எங்க வீட்டுக்காரர் படியில நின்னு அந்தப் புள்ளையைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அது கையாட்டுச்சு. இவர் கையை எடுக்கவே இல்ல.

போனவங்க சும்மா போனாங்களா? இல்ல. ஜெசிந்தா தையல்காரி, நாலு பொம்பளைங்க வந்து போற இடம். ஊர் முழுக்கப் பரவிடுச்சு. வீடு பார்க்க வர்றவங்க முன் ரூம்ல நிக்கிறதுகூட இல்ல, நேராப் பின் ரூம் கதவைத் திறந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறாங்க. தொட்டுட்டுக் கையை மோந்து பார்க்கிறாங்க. என் முன்னாடியே. ஒருத்தர் சொன்னார், இது குழந்தைக்கு ஆகாத வீடாமேன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. ஆகாத வீடுன்னா வீட்டுக்காரங்களே எப்படி இருப்பாங்க? பின் ரூம்ல கட்டில், நாற்காலி, ரேடியோ எல்லாம் போட்டுக் கொடுத்து எங்க வீட்டுக்காரரை அங்க இருக்கச் சொன்னேன். வர்றவங்க பார்ப்பாங்கள்ல, பேப்பர் படிச்சுக்கிட்டு ஒரு பெரிய மனுஷன் சுகமா உட்கார்ந்திருக்கார்னு. அவர் ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல. போர்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கிட்டார். எனக்கு அதுதான் ஆச்சரியம். அவருக்கு அங்க பிடிச்சிருந்துச்சு போல. பகல்ல இருங்கன்னுதான் சொன்னேன், ராத்திரியும் அங்கயே படுக்க ஆரம்பிச்சார். சாப்பிட மட்டும் மேல வருவார். "மேல வந்து படுங்களேன்"னா, "இங்கயே இருக்கேன், நிம்மதியா இருக்கு"ம்பார். என்ன நிம்மதியோ.

இருமல் அப்பவே இருந்துச்சு. வயசானா இருமல் வரத்தானே செய்யும். கசாயம் வெச்சுக் கொடுத்தேன். சின்ன வயசுல அவருக்கு டி.பி. வந்து ஆறியிருக்கு. கல்யாணத்தப்ப எங்க வீட்டுல யாருக்கும் சொல்லல. சீமந்தத்தப்பத்தான் எனக்கே தெரியும். நான் அதைக் குத்திக் காட்டினது கிடையாது. ஒரு தடவைகூடக் கிடையாது. சண்டை வரும்போது சொல்லியிருப்பேன், அது வேற.

ஆடி வெள்ளி அன்னிக்கு நான் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கேட்டைத் திறக்கறேன், கீழ இருந்து டொக்கு டொக்குன்னு சத்தம். இறங்கி வந்து பார்த்தா, ரூம் முழுக்கப் புகை மாதிரி தூசி. நடுவுல இவர். கையில உளியும் சுத்தியும். பனியனெல்லாம் கறுப்பு, தலை முடியெல்லாம் கறுப்பு. பின் சுவர்ல ஒரு கதவு அளவுக்குப் பூச்சை உடைச்சு எடுத்திருக்கார்.

"என்ன பண்றீங்க? பைத்தியம் பிடிச்சுப் போச்சா?"ன்னேன்.

"இங்க வா கனகம்"னார். எப்பவும் அப்படிக் கூப்பிட மாட்டார். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார்.

பூச்சுக்குப் பின்னாடி செங்கல் இருக்கணும்ல? செங்கல் இருந்துச்சு, ஆனா சேறு மாதிரி. விரலை வெச்சா உள்ள போகுது. கறுப்பும் பச்சையுமா கம்பளி போர்த்தின மாதிரி பூசணம். அதுக்கு நடுவுல நூல் நூலா வெள்ளையா என்னவோ தொங்குது. முதல்ல புழுன்னு நினைச்சு அலறிட்டேன். புழு இல்ல. வேரு. நூத்துக்கணக்குல வேரு. செங்கல் இடுக்குல பூந்து, பூச்சுக்கு அடியில பரவி, ரூமுக்குள்ள வர வழி தேடிக்கிட்டு இருந்திருக்கு. ஒவ்வொரு வேர் நுனியில இருந்தும் தண்ணி சொட்டுது. ரூம்ல சத்தமே இல்ல, அது சொட்டறது மட்டும்தான் கேட்குது.

"உன் செடிதான்"னார் அவர்.

நான் என்ன சொல்லுவேன்? செடின்னா வேரு போகத்தான் செய்யும். நல்ல செடின்னா தூரமாப் போகும். அதைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. கோபமா இருந்தாக்கூட நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். கோபம் இல்ல. தெரியாத ஆளைப் பார்க்கற மாதிரி பார்த்தார். அப்புறம் குனிஞ்சு, உதிர்ந்ததை எல்லாம் கையாலயே கூட்டி அள்ளினார். இருமிக்கிட்டே அள்ளினார்.

"அந்தப் புள்ளை இதைத்தான் மூச்சா இழுத்திருக்கு"ன்னார். அன்னிக்கு முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருந்தார்.

சுவரை அப்படியே விட முடியுமா? ரெண்டு நாள்ல கொத்தனாரைக் கூட்டி வந்து பூசிட்டேன். அந்த ஆளு இதைப் பூசக்கூடாதும்மா, மேல மண்ணை எடுக்கணும்னான். உன்னைக் கேட்டது பூச, பேச இல்லைன்னேன். சிமெண்ட்ல மருந்து கலந்து கெட்டியாப் பூசியாச்சு. வேரெல்லாம் உள்ள. மறைஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர் அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு அதே கட்டில்ல உட்கார்ந்திருந்தார். மேல வாங்கன்னு நானும் கூப்பிட்டேன். வரல. "நான் இருந்து பார்க்கறேன்"னார்.

திரும்ப ஐப்பசி. காபி கொண்டு வந்து கொடுக்கறேன், துண்டை மடியில மறைக்கிறார். பிடுங்கிப் பார்த்தா ரத்தம். கொஞ்சம் இல்ல. "எத்தனை நாளா?"ன்னு கேட்டா, "கொஞ்ச நாளா"ங்கறார். பூங்கொடி கார் எடுத்துக்கிட்டு வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தா. ஸ்கேன் எடுத்தாங்க. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்துல வெச்சுக் காட்டறார். பழைய டி.பி. ஆறின இடத்துல நெஞ்சுக்குள்ள ஒரு குழி இருக்காம். அந்தக் குழிக்குள்ள பூஞ்சை உருண்டையா வளர்ந்திருக்காம். எலுமிச்சம்பழம் அளவுக்கு. அவர் இருமினா அது அசையுமாம்.

"எந்த மாதிரி இடத்துல இருந்தார்?"னு கேட்டார் டாக்டர். பூங்கொடி என்னைப் பார்க்கறா.

நெஞ்சுக்குள்ள எப்படிக் கண்ணு பூசணம் வரும்? நெஞ்சு என்ன ரொட்டியா? நான் கேட்டேன். பூங்கொடிதான் என் கையைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டு வந்தா. "அம்மா, போதும்"னா. அவ்வளவுதான் அவ என்கிட்ட பேசினது. இன்னிக்கு வரைக்கும் அவ சரியாப் பேசறதில்ல. போன் பண்ணினா சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுடுவா. அப்பா போன துக்கம், பாவம்.

நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். எல்லாம் அந்தச் சுவரை உடைச்சதுல வந்தது. உடைக்காம விட்டிருந்தா அது பாட்டுக்கு உள்ள இருந்திருக்கும், இவர் பாட்டுக்கு வெளியே இருந்திருப்பார். யாரு உடைக்கச் சொன்னா? நான் சொன்னேனா?

ஆஸ்பத்திரிக்கு ஜெசிந்தா வந்தா. யாரு சொல்லி விட்டாங்களோ தெரியல. மலையிறங்கி, பஸ் மாறி, ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கிட்டு, அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. புள்ளையை வார்டுக்குள்ள விடல, ஜன்னலுக்கு வெளியே வராந்தாவுல நின்னு கையாட்டுச்சு. கொஞ்சம் சதை போட்டிருந்துச்சு. "இப்ப பம்பு தேவைப்படறதில்ல ஐயா, வீடு மாறினதுல இருந்து நல்லா தூங்கறா"ன்னா ஜெசிந்தா. வயசு ஏறினா தன்னால சரியாகும்னு நான் அவகிட்ட அப்பவே சொல்லியிருந்தேன். அதை அவ ஞாபகமே வெச்சுக்கல.

எங்க வீட்டுக்காரர் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவர் அழுது நான் பார்த்தது கிடையாது. அவங்க அம்மா செத்தப்பகூட அழல. "மன்னிச்சுடும்மா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்துட்டேன்"ங்கறார். அவளும் அழறா. நான் பக்கத்துல ஆரஞ்சுப்பழத்தை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். எதுக்கு மன்னிப்பு? வாடகைக்கு இருந்தவகிட்ட வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கறதா? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவ போகும்போது என்கிட்ட வந்தா. ஏதாவது பேசுவான்னு பார்த்தேன். என் தோள்ல கையை வெச்சுட்டுப் போயிட்டா. அதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு இன்னும் விளங்கல.

நெஞ்சைத் திறந்து அந்த உருண்டையை எடுக்கணும்னு முடிவு பண்ணினாங்க. வேற வழி இல்லையாம், விட்டா ரத்தம் நிக்காதாம். உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி என்னைத் தனியாக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கார், பச்சைத் துணி போர்த்தி. முகம் சின்னதா ஆயிடுச்சு. என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டார்.

"கனகம், அந்த வீட்டை நீ வாடகைக்கு விடாம இருக்க மாட்டே. எனக்குத் தெரியும். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். யார் வந்தாலும் நடந்ததைச் சொல்லிடு. ஒண்ணு விடாம சொல்லு. சொல்லாம யாரையும் உள்ள விடாதே. சத்தியம் பண்ணு"ன்னார்.

சத்தியம் பண்ணினேன். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். உள்ள கொண்டு போனாங்க. மேசையிலயே ரத்தம் நிக்காமப் போய்ச் சேர்ந்துட்டார். வர்ற மார்கழியோட வருஷம் திரும்புது.

அவருக்குக் கொடுத்த வாக்கை நான் ஒருநாளும் மீறினது இல்ல கண்ணு. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். இதே நாற்காலியில உட்கார வெச்சுத்தான் சொன்னேன். சிலர் பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. ஒருத்தி செருப்பைக்கூட மாட்டாம கையில எடுத்துக்கிட்டு ஓடினா. நான் என்ன பண்றது, சத்தியம் சத்தியம்தானே? நீ ஒருத்திதான் கடைசி வரைக்கும் அசையாம உட்கார்ந்து கேட்டிருக்கே. பொறுமைசாலி. வேற வீடு கிடைக்காமத்தான் உட்கார்ந்திருந்தாலும், அதுக்கும் பொறுமை வேணும்ல.

அதோ, உன் வீட்டுக்காரர் வர்றார் போல, படியில சத்தம் கேட்குது. அவருக்குத் திரும்பச் சொல்லணுமா? வேண்டாம், நீயே சொல்லிக்கோ, நான் வீட்டுக்கு ஒருத்தருக்குச் சொன்னா போதும். நான் சொல்லிட்டேன், நீ கேட்டுட்டே. ஒண்ணைக்கூட மறைக்கல. நாளைக்குப் பாப்பாவுக்கு ஏதாவது தும்மல், இருமல்னு வந்தா, எனக்குத் தெரியாதேம்மான்னு நீ படியேறி வந்து நிக்க முடியாது, சரியா? துணியை மட்டும் உள்ள காயப் போடாதே. மத்தபடி இனிமே எல்லாம் உன் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிடுங்க. எழுந்திரு, பாப்பாவை இப்படிக் கொடு. பின் ரூம்ல தொட்டில் கட்டறதுக்குன்னே மேல கொக்கி போட்டு வெச்சிருக்கேன். வா, காட்டறேன்.